பதக்கமும் பள்ளிக்கூடமும்

பிறர் குற்றத்தை எடுத்துக்காட்டி எழுதுவது எளிது. பேனா தானாகவே ஓடும். தன் குற்றத்தை எழுத அமரும்போதுதான் மை உலர்ந்துவிடுகிறது. ஆயினும், நாம் செய்த பிழையொன்றைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்கியாக வேண்டும். அந்தப் பிழை நமக்குப் புகட்டிய பாடம், கல்லூரியில் மூன்றாண்டு அமர்ந்து கேட்ட பாடங்களைவிடப் பெரிது.

வேலூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், உயர்நிலைப் பள்ளியில், வரலாறு கற்பிக்கும் பணி நமக்கு. இந்த வட்டாரத்து உழவர் குடும்பங்களுக்கும் பட்டாளத்துக்கும் நெடுநாளைய உறவு. மழை பொய்த்தால் பட்டாளம். கடன் முற்றினால் பட்டாளம். அண்ணன் தம்பிக்குள் நிலம் துண்டுபட்டு, பங்குக்கு வந்தது பாய் விரிக்கவும் போதாது என்றால் பட்டாளம்! ஏர் பிடித்த கை துப்பாக்கி பிடித்ததற்கு வீரம் மட்டுமா காரணம்? வீட்டிலே எரியாத அடுப்பும் காரணம்.

சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்பில், முதல் உலகப் போரைப் பற்றிய பாடம் முடிந்தது. மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. "படித்துவிட்டு என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டோம். ஒருவன் மருத்துவன் என்றான். ஒருத்தி நீதிபதி என்றாள். மகிழ்ச்சியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். விடியுமுன் மாடு கழுவி, பால் கறந்து ஊற்றிவிட்டு, இரண்டு கல் நடந்து வருபவன். தேர்வில் முப்பத்தைந்தை எட்டிப் பிடிக்க முயன்று முப்பதிலேயே நின்றுவிடுபவன்.

"பட்டாளத்துக்குப் போறேன் சார்" என்றான்.

நாம் சிரித்தோம். சிரித்ததோடு நின்றோமா? "ஆமாம், படிப்பு ஏறாதவனுக்குப் பட்டாளம்தானே புகலிடம்!" என்றும் சொன்னோம். வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மெல்ல உட்கார்ந்து, புத்தகத்தை மூடினான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள், வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சுழியிட்டபோது, நம் கை சற்றே தயங்கியது. மாலையில் அவன் வீடு தேடிச் சென்றோம்.

ஓட்டு வீடு. வாசலிலே முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். அவனுடைய ஆயா. "வாங்க வாத்தியாரே, உக்காருங்க. புள்ள கழனிக்குப் போயிருக்குது" என்றார். மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, கோபமில்லாமல், விலை கேட்பவர் போன்ற குரலில் கேட்டார்:

"பட்டாளத்துக்குப் போறவன் படிப்பு ஏறாதவன்னு சொன்னீங்களாமே. என் மாமனாரும் பட்டாளத்துக்காரருதான். அவருக்குப் படிப்பு ஏறலேன்னு யாரும் சொல்ல முடியாது. ஏறிப் பார்க்கறதுக்குப் பள்ளிக்கூடமே இல்லையே!"

நாம் தலை குனிந்தோம். வேறென்ன செய்வது?

உள்ளே சென்று, துருவேறிய டிரங்குப் பெட்டி ஒன்றை இழுத்து வந்தார் ஆயா. அதற்குள்ளே, வெளுத்த நாடாவில் தொங்கும் ஆறுமுனை வெண்கல நட்சத்திரம் ஒன்று. பர்மாப் போர்முனையில் பணிபுரிந்தவர்க்கு அளிக்கப்பட்ட 'பர்மா ஸ்டார்'. அதனடியில், நான்காக மடித்து, மடிப்பிலெல்லாம் கிழிந்து, பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு தாள். ஆங்கிலத்தில் அச்சிட்டு, இடையிடையே கையால் நிரப்பிய தாள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல், இந்தியப் படையில் இருந்தவர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். போர் முடிந்த 1945-இல் அந்தத் தொகை இருபத்தைந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. உலகம் அதுவரை கண்டிராத பெரிய தொண்டர் படை என்று வரலாற்று நூல்கள் புகழ்கின்றன. நாமும் வகுப்பிலே அப்படித்தான் படித்துக் காட்டினோம். அந்த இருபத்தைந்து இலட்சத்தில் ஒருவர் இந்த வீட்டிலிருந்து சென்றவர் என்பதை நாம் அறிந்தோமில்லை. போர் முடிந்ததும், போருக்கென்று சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை அரசினர் வீட்டுக்கு அனுப்பினர். இந்த வீட்டுக்காரரும் வந்தார். பதக்கத்தைப் பெட்டியில் போட்டார். மறுபடி ஏரைப் பிடித்தார். ஆயாவின் கதை அவ்வளவுதான். அவர் பர்மாவில் கண்டது என்ன, காட்டிலே பட்டது என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இந்தத் தாளிலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லையா?" என்றோம்.

"கேட்டோம். தாசில்தார் ஆபீசிலே ஒருத்தரு, நல்லபடியாத்தான் எழுதியிருக்குதுன்னு சொன்னாரு. வேற என்னத்தைக் கேக்கறது?"

தாளை வாங்கிப் பிரிக்கத் தொடங்கினோம். படிக்க ஒரு நிமிடம் போதும். ஆனாலும் ஏதோ ஒன்று தடுத்தது. மடித்து, அந்தச் சேலைத் துண்டிலேயே சுற்றி, அவரிடமே கொடுத்துவிட்டோம். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. கல்லூரி நாளில் படித்த ஒரு மனிதரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அவரும் உழவர் வீட்டுப் பிள்ளை. அவரும் கடல் கடந்து போருக்குச் சென்றவர். அவரிடமும் பதக்கங்கள் இருந்தன, ஒன்றல்ல, பல. பெயர் ஆல்வின் யார்க். நாடு அமெரிக்கா. முதல் உலகப் போர்ப் பாடத்தோடு சேர்த்து நாம் அவரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஏளனம் செய்தோம். வகுப்பிலே சொல்லத் தவறியதை முதலில் இங்கே சொல்கிறோம்.

டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில், பால் மால் என்னும் பள்ளத்தாக்கு ஊரில், 1887 டிசம்பர் 13-இல் பிறந்தார் யார்க். பதினொரு பிள்ளைகளில் மூன்றாமவர். இரண்டே அறை கொண்ட மரவீடு. தந்தை உழவர், கொல்லு வேலையும் செய்தவர். ஆண்டில் சில வாரங்களே நடந்த ஊர்ப்பள்ளியில், யார்க் வாழ்நாள் முழுவதும் கற்றது மொத்தம் ஒன்பது மாதக் கல்வி என்பர். கலப்பை அழைத்தது; பள்ளி அழைக்கவில்லை. 1911-இல் தந்தை இறந்தார். மூத்தவர் இருவரும் மணமாகிப் பிரிந்து போயிருந்தனர். தாயையும் தம்பி தங்கையரையும் காக்கும் பொறுப்பு யார்க்கின் தோளில் ஏறியது. கூலி வேலை செய்தார், வேட்டையாடினார், குறி தவறாமல் சுடுவதில் பெயர் பெற்றார். குடித்தார், சண்டையிட்டார். 1915-இன் தொடக்கத்தில் மனம் மாறி, ஊரிலிருந்த சிறிய கிறித்தவ சபையொன்றில் சேர்ந்து, குடியையும் சூதையும் விட்டொழித்தார். கொல்லாமையை வற்புறுத்திய சபை அது.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கிற்று. கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. ஜூன் திங்களில் பதிவுத் தாளை நிரப்பும்போது, போர் செய்ய விருப்பமில்லை என்று எழுதினார் யார்க். விலக்கு வேண்டி மனுச் செய்தார். தள்ளப்பட்டது. மேல்முறையீடும் தள்ளப்பட்டது. அவருடைய சபை போதிய அளவு அங்கீகரிக்கப்பட்ட சபை அன்று, தனிக் கொள்கை நூல் அதற்கு இல்லை என்பது காரணம். பெரிய சபையின் மனச்சான்றுக்குத்தான் மதிப்பு. ஏழை உழவனின் மனச்சான்றுக்கு ஏது மதிப்பு! நவம்பரில் பட்டாள உடை தந்தார்கள். 82-ஆம் டிவிசனில் சேர்த்தார்கள்.

பகுத்தறிவாளர் கூர்ந்து நோக்கவேண்டிய கட்டம் இதுதான். பாசறையில் யார்க் தம் ஐயத்தை மறைக்கவில்லை. கொல்வது பாவம் என்று பைபிள் சொல்கிறதே என்றார். அவருடைய மேலதிகாரிகளான காப்டன் டான்போர்த்தும் மேஜர் பக்ஸ்டனும் நல்லவர்கள். அவரைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. அதே பைபிளை எடுத்து வைத்து, வாளேந்துவதற்கும் அதிலே இடமுண்டு என்று வசனங்களை எடுத்துக்காட்டினர். வீட்டுக்குப் போய்ச் சிந்தித்து வா என்று விடுமுறையும் கொடுத்தனர். யார்க் மலையுச்சியில் தனியே அமர்ந்து வேண்டினார். போர் செய்யலாம் என்னும் முடிவோடு திரும்பினார். ஊரிலே இருந்தவரையில் கொல்லாதே என்று சொல்லிய ஏடு, பாசறைக்கு வந்ததும் கொல்லலாம் என்று சொல்லிற்று! ஏடு மாறவில்லை, எழுத்து மாறவில்லை, விரித்துக் காட்டிய கை மாறியது. நம் நாட்டிலும் பழைய ஏடுகளை விரித்துக் காட்டும் கைகளுக்குப் பஞ்சமா? யார்க்கின் நேர்மையை நாம் குறை கூறவில்லை. தன் மனத்தோடு உண்மையாகப் போராடிய மனிதர் அவர். ஆனால், விடை தேடுவதற்கு அவருக்கு அந்த ஒரே ஏடுதான் கிடைத்தது. ஒன்பது மாதக் கல்வி வேறெந்த ஏட்டின் கதவையும் அவருக்குத் திறந்து வைக்கவில்லை.

1918 அக்டோபர் 8. பிரான்சு நாடு, ஆர்கோன் காடு, சாத்தல் செஹரி என்னும் சிற்றூரின் அருகே ஒரு குன்று. செருமானியரின் இயந்திரத் துப்பாக்கிகள் அமெரிக்கப் படையை நகரவொட்டாமல் தடுத்தன. பதினேழு பேர் கொண்ட சிறு குழு பகைவரின் பின்புறமாகச் சுற்றிச் சென்றது. யார்க் அதில் ஒருவர். எதிர்பாராத செருமானியர் கூட்டம் ஒன்றைப் பிடித்தும்விட்டது. அந்நேரம் மேட்டிலிருந்து சுடத் தொடங்கினர். சில நொடிகளில் அமெரிக்கர் ஆறு பேர் மாண்டனர், மூவர் காயமுற்றனர். குழுத் தலைவரும் வீழ்ந்தார். எஞ்சியோர் எண்மர். யார்க் திறந்த வெளியில் நின்று, ஊர்ப்புறத்து வேட்டையில் பழகிய கண்ணோடும் கையோடும் சுட்டார். இருபதுக்கு மேற்பட்டோர் அவர் குண்டுக்கு இரையாயினர். இறுதியில் செருமானிய அதிகாரி சரணடைந்தார். மாலைக்குள் அந்த எண்மரும் அழைத்து வந்த கைதிகள் 132 பேர்.

பதக்கங்கள் வந்தன. பிரான்சு அளித்தது, பிற நாடுகள் அளித்தன, அமெரிக்காவின் தலையாய வீரப் பதக்கமாகிய 'மெடல் ஆஃப் ஆனர்' கிடைத்தது. 1919 ஏப்ரலில் பெரிய வார ஏடொன்று அவர் கதையை வெளியிட்டது. ஒரே நாளில் நாடறிந்த வீரரானார். மே திங்களில் நியூயார்க் நகரம் அவரைத் தோளில் தூக்கிற்று. எஞ்சிய எழுவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் சிலர், தங்கள் பங்கு மறைக்கப்பட்டதென்று பின்னாளில் மனம் நொந்தனர். ஏட்டுக்கு ஒரு வீரன் போதும்; போருக்குத்தான் பல பேர் வேண்டும்!

இன்னொருவரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அதே 1918-ஆம் ஆண்டு மே திங்களில், அதே ஆர்கோன் காட்டின் ஓரத்தில், ஹென்றி ஜான்சன் என்னும் கறுப்பின வீரர், இரவில் பாய்ந்து வந்த செருமானியர் கூட்டத்தைத் துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் எதிர்த்து நின்று, காயமுற்ற தோழனைக் காத்தார். முன்பு இரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தவர் அவர். பிரான்சு உடனே பதக்கம் அளித்தது. அமெரிக்காவோ? 1929-இல் அவர் மறைந்தார். தலையாய பதக்கம் 2015-இல் வந்தது! தோலின் நிறம் பார்த்துப் பதக்கம் கொடுத்த நாட்டுக்கு, உண்மையைக் கண்டுகொள்ளத் தொண்ணூற்றேழு ஆண்டுகள் பிடித்தன. பிறப்பைப் பார்த்து மனிதனை அளக்கும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அந்நோய் எங்கே இருந்தாலும் நமக்கு அதன் முகம் தெரியும்.

யார்க்கிடம் திரும்புவோம். போரின் கதை ஒரு நாளோடு முடிந்தது. வாழ்வின் கதை இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் நீண்டது. நாம் பெரிதும் மதிப்பது அந்த நாற்பத்தைந்தைத்தான்.

ஊர் திரும்பியவரைச் சூழ்ந்து கொண்டனர் வணிகர்கள். எங்கள் பண்டத்துக்கு உம் பெயரைத் தாரும், நாடகத்துக்கு வாரும், படத்துக்கு வாரும் என்றனர். ஆயிரம் ஆயிரமாகப் பணம் காட்டினர். பட்டாள உடை விற்பனைக்கு அன்று என்று மறுத்தார் அந்த ஏழை உழவர். 1919 ஜூன் 7-இல், காத்திருந்த கிரேசி வில்லியம்சை மணந்தார். நன்றி காட்ட விரும்பிய நாஷ்வில் நகரத்தார் அவருக்கொரு பண்ணை வாங்கித் தர முன்வந்தனர். நாடே கைதட்டிற்று. ஆனால் நிதி முழுதும் திரளவில்லை. போருக்குப் பின் விளைபொருள் விலையும் வீழ்ந்தது. பரிசு என்று வந்த நிலம் கடனோடு வந்து நின்றது! வீரனுக்கு நிலம் அளித்தோம் என்ற புகழ் ஊருக்கு. தவணை கட்டும் தொல்லை வீரனுக்கு. பிறகு பொதுமக்கள் உதவியால் மீண்டார்.

அந்தக் கடனாளிதான் பள்ளிக்கூடம் கட்டப் புறப்பட்டார்!

ஏன் புறப்பட்டார்? கடல் கடந்தபோதுதான் தம் அறியாமையின் அளவு அவருக்குத் தெரிந்தது. பாரிசைக் கண்டார், பாதைகளைக் கண்டார், எழுத்தறிந்தவன் வாழ்வையும் எழுத்தறியாதவன் வாழ்வையும் ஒரே கூடாரத்தில் அருகருகே கண்டார். திரும்பி வந்து தம் பள்ளத்தாக்கைப் பார்த்தார். பாதை இல்லை, பள்ளி இல்லை, தம்மைப் போலவே ஒன்பது மாதத்தோடு நின்றுவிடப் போகும் பிள்ளைகள் அங்கே இருந்தனர். ஊர் ஊராகச் சென்று பேசினார். மக்கள் கேட்க விரும்பியது ஆர்கோன் காட்டுக் கதையை. அவர் பேச விரும்பியது மலைப்பிள்ளைகளின் கல்வியை. போர்க் கதைக்கென்று கூடிய கூட்டத்திடம் பள்ளிக்கு நிதி கேட்டார்!

உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் எளிதில் விடவில்லை. பள்ளி எந்த இடத்தில் அமைவது, அதிகாரம் யார் கையில் இருப்பது என்று வழக்காடினர். பாங்கிக்காரருக்கும் அதிகாரிகளுக்கும், ஏழை உழவன் கையில் பள்ளியா என்ற எண்ணம் போலும். அதையும் தாண்டி, ஜேம்ஸ்டவுன் என்னுமிடத்தில் 1926-இல் நிறுவப்பட்டது யார்க் வேளாண்மைப் பள்ளி. தொலைவிலிருந்து பிள்ளைகள் வருவதற்கு வண்டி வேண்டும், அதற்குப் பணமில்லை. தம் பண்ணையை அடமானம் வைத்தார் யார்க். பதக்கத்தை அடமானம் வாங்குவோர் இல்லை போலும்! 1937-இல் பள்ளியின் முழுப் பொறுப்பையும் மாநில அரசு ஏற்றது. அதற்கு முன்பே தலைமைப் பதவியிலிருந்து அவர் விலக நேர்ந்தது. ஆள் விலகினார், பள்ளி நின்றது, இன்றும் நிற்கிறது.

அந்தப் பள்ளியைப் பற்றியும் முழு உண்மையைச் சொல்லிவிடுவோம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிக்கலாகாதென்று டென்னசிச் சட்டம் தடுத்திருந்த காலம் அது. யார்க்கின் பள்ளிக் கதவும் அன்று வெள்ளைப் பிள்ளைகளுக்கே திறந்தது. மேலும், பிற்காலத்தில் பைபிள் பள்ளி ஒன்று நிறுவும் ஆவலில்தான் தம் வாழ்வைப் படமாக்க இசைந்தார். நமக்கு அவரோடு அங்கே உடன்பாடில்லை. ஒருவரைப் போற்றுவதென்றால் அவர் செய்தவை அனைத்தையும் போற்றுவது என்று பொருளா? அது பக்தி. நாம் மேற்கொள்வது மதிப்பு. மதிப்புக்குக் கண் திறந்திருக்கும்.

1941-இல் 'சார்ஜண்ட் யார்க்' படம் வந்தது. அவராக நடித்த கேரி கூப்பர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார். இரண்டாம் போரின்போது, ஐம்பத்து நான்கு வயதில், மறுபடி படையில் சேர முன்வந்தார் யார்க். முதுமையும் உடல்நிலையும் காரணமாகப் போர்முனைக்கு அனுப்பவில்லை. படத்தால் வந்த பணத்தை அவர் பெரும்பாலும் பிறருக்கே கொடுத்துவிட்டார். வரி அதிகாரிகள் வந்தனர். 1951-இல் தொடங்கிய வரி வழக்கு பத்தாண்டுகள் நீடித்தது. 1954 முதல் பக்கவாத நோயில் படுத்த படுக்கை. நாட்டின் முதல் வீரர் என்று புகழப்பட்டவர் வீட்டில் வறுமை. இறுதியில் 1961-இல், பொதுமக்கள் திரட்டிய நிதியிலிருந்து 25,000 டாலர் கட்டி வழக்கு முடிக்கப்பட்டது. 1964 செப்டம்பர் 2-இல், எழுபத்தாறாம் வயதில் அவர் மறைந்தார்.

எண்ணிப் பாருங்கள். பண்ணை, கடனாயிற்று. படம், வழக்காயிற்று. பதக்கம், பெட்டிக்குள் சென்றது. பள்ளி ஒன்றுதான் பயன் தந்துகொண்டே இருக்கிறது.

விடியற்காலையில் நமக்குத் தெளிவு பிறந்தது. 'படிப்பு ஏறாதவன்' என்று வகுப்பிலே சொன்னோமே, அந்தச் சொல் யாருடைய சொல்? நம்முடையதா? நம் பாட்டனைப் பார்த்து, அவர் பாட்டனைப் பார்த்து, 'உனக்கு எதற்கடா படிப்பு? உனக்கு ஏறாது, உன் குலத்துக்கு ஏர்தான்' என்று பிறர் சொன்ன சொல் அல்லவா அது? நம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நாம். அந்தச் சொல்லைப் பொய்யாக்கிவிட்டோம் என்று பெருமையோடு திரிந்தோம். ஆனால் அதைக் கொன்றோமா? இல்லை, சுமந்து வந்து, நம்மைப் போன்ற இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தலையிலே இறக்கி வைத்தோம்! பழைமையை எதிர்த்து மேடையில் பேசுவது ஒன்று. பழைமை நம் நாக்கிலேயே குடியிருப்பதைக் கண்டுபிடிப்பது மற்றொன்று. இரண்டாவதே கடினம்.

அன்று காலை, பள்ளிக்குப் போகுமுன், அவன் கழனிக்கே சென்றோம். வரப்பில் நின்றபடி, "நாம் சொன்னது தவறு. இதை உன்னிடம் மட்டும் சொல்லப் போவதில்லை, வகுப்பிலும் சொல்வோம், வா" என்றோம். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் வந்தான். சிரித்த அதே வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். யார்க்கின் கதையைச் சொன்னோம்.

கதை முடிந்ததும் அவன் எழுந்து கேட்டான்: "அப்படின்னா பட்டாளத்துக்குப் போகக் கூடாதுன்னு சொல்றீங்களா சார்?"

நல்ல கேள்வி. போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? போ என்று சொல்லவும் உரிமை இல்லை. யார்க்கிடம் யாரும் கேட்கவில்லை, கட்டாயமாக இழுத்தனர். அவன் பூட்டனாரைக் கட்டாயப்படுத்தியது சட்டமன்று; வறுமை. தேர்ந்தெடுக்கும் நிலையில் இருவருமே இல்லை. "நீ போகலாம். ஆனால் வேறு வழியில்லாமல் போகாதே. வழிகள் பல இருந்து, அவற்றுள் ஒன்றை நீயே தேர்ந்து போ. அதற்குத்தான் படிப்பு" என்றோம். 2022-இல் அறிவிக்கப்பட்ட ஆள்சேர்ப்புத் திட்டத்தையும் எடுத்துச் சொன்னோம். அதன்படி பணி நான்கு ஆண்டு. அதன் பிறகு நீடிக்க இடம் கிடைப்பது நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் இல்லை. எஞ்சியவர் இருபது வயதைச் சற்றே தாண்டிய நிலையில் ஊர் திரும்புவர். "அந்த நான்கு ஆண்டுக்கு அப்பால் இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன, தம்பி. பட்டாளம் உன் நான்கு ஆண்டைக் கேட்கிறது. அந்த நாற்பதுக்கு உன் கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். அவன் எண்ணத் தொடங்கினான்.

மாலையில் ஒரு மணி நேரம் தனியே படிப்பு என்று ஏற்பாடு. முதல் பாடமாக, பாடநூலை எடுக்கவில்லை. "உன் வீட்டுப் பெட்டியில் ஒரு தாள் இருக்கிறது. அதைக் கொண்டு வா" என்றோம். நாம் அன்று அதைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். மூன்று தலைமுறையாக அந்த வீட்டார் பிறரிடம் நீட்டிக் கேட்ட தாள் அது. அதைப் படிக்கும் முதற்குரல் அந்த வீட்டின் குரலாகவே இருக்க வேண்டும்.

எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒரு சொல்லுக்கு அகராதி. ஒரு சொல்லுக்கு நம் உதவி. ஐந்து மாலைகள் ஆயின. ஆறாம் நாள் அவன் வீட்டுத் திண்ணையில் ஆயா உட்கார்ந்திருக்க, அவன் நின்றபடி படித்து, தமிழில் சொன்னான். பெயர், ஊர், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள். கடல் கடந்த பணி: பர்மா. நடத்தை: மிக நன்று. முன்பு செய்த தொழில்: உழவு. கடைசியில் ஒரு வரி. அங்கே வந்ததும் அவன் குரல் நின்றது.

"என்னடா, அப்புறம்?" என்றார் ஆயா.

"கல்வி... இல்லைன்னு போட்டிருக்குது ஆயா."

ஆயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இருந்தா இல்ல எழுதுவாங்க!"

அந்தத் தாளை இப்போது அவன் பெட்டியில் வைப்பதில்லை. தன் புத்தகப் பையில் வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்புத் தேர்வில் வென்றான். வரலாற்றுப் பகுதியைத் தன்னால் இயன்றவரை நன்றாகவே எழுதினான். பட்டாள ஆசை அவனுக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நாமும் கட்டாயப்படுத்தவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிறகே முடிவு என்று ஆயாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் டிரங்குப் பெட்டிகள் இருக்கும். அவற்றின் அடியிலே படிக்கப்படாத தாள்கள் இருக்கும். கூட்டம் போட்டுப் பேசுவதோடு நில்லாமல், மாலையில் ஒரு மணி நேரம் ஒரு திண்ணையில் உட்காருங்கள். அந்தத் தாள்களை நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். அந்தந்த வீட்டுப் பிள்ளையே படிக்கும்படி செய்யுங்கள். 'கல்வி: இல்லை' என்று எழுதிய அந்தக் கடைசி வரிக்கு, அந்தப் பிள்ளைகளின் குரலே மறுமொழி.